திவான் வி. பி. மாதவராவ்

பாலாற்றைக் கடந்து மைசூர்ச் சீமைக்குப் பிழைப்பு நாடி வந்த தமிழ்க் குடும்பத்தினர் நாம். நம்மினும் வெகுகாலம் முன்னரே கும்பகோணத்திலிருந்து இங்கு வந்து, போலீஸ் தலைமை அதிகாரியாக விளங்கி, பின்னர் திவானாகி, முதுமையில் காங்கிரசின் தூதராகக் கடல் கடந்த பெரியார் ஒருவரை இம்மலரில் நினைவுகூர விழைகிறோம். மைசூர் நகர மண்டபத்திற்கு இரங்காசார்லுவின் பெயர் உண்டு. பெங்களூரில் ஒரு பேட்டைக்குச் சேஷாத்ரி ஐயரின் பெயர் உண்டு. வி. பி. மாதவராவின் பெயரோ நம் காலனிச் சிறுவர் அறியாதது.

அவர் 1850-இல் குடந்தையில், தஞ்சை மராத்தியக் குடும்பத்தில் பிறந்தார். போர்ட்டர் துரையின் மாணவராக அவ்வூர்க் கல்லூரியில் பயின்று 1869-இல் பி.ஏ. தேறினார். அக்காலத்தில் பட்டதாரி என்றால் ஊரே திரும்பிப் பார்க்கும். மைசூர் அரசில் அமர்ந்து படிப்படியாக உயர்ந்து, 1890-களில் சமஸ்தானத்தின் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார்.

1898 ஆகஸ்டில் பெங்களூரில் பிளேக் நோய் புகுந்தது. ஹூப்ளிப் பக்கமிருந்து இரயில் மார்க்கமாகவே அது வந்தது என்பது இரயில்வேயில் சோறு உண்ணும் நமக்குச் சற்றுக் கூச்சம் தரும் செய்தி. நோயாளிகளைப் பிரித்து வைப்பதையும் வீடுகளைச் சோதிப்பதையும் மக்கள் வெறுத்தனர். அந்த நெருக்கடியில் பிளேக் கமிஷனர் பொறுப்பு மாதவராவிடமே ஒப்படைக்கப்பட்டது. லத்தியால் மட்டும் ஆகாத வேலை அது.

1904-இல் திருவாங்கூர் திவானானார். அவ்வாண்டிலேயே ஸ்ரீமூலம் பிரஜாசபை கூடிற்று. மைசூரில் 1881 முதல் நடந்துவந்த பிரஜாப் பிரதிநிதி சபையைக் கண்ணாரக் கண்டவர் அவர். அந்த விதையைத் தெற்கே கொண்டு சென்றார் என்றே நாம் கருதுகிறோம். முதற்கூட்டத்திற்கு அதிகாரிகளே உறுப்பினரைப் பொறுக்கினர். மறு ஆண்டு, தேர்ந்தெடுக்கும் உரிமை குடிகளுக்குக் கிடைத்தது. எனினும் அவ்வுரிமை வரி செலுத்துவோர், படித்தோர் ஆகியோரைத் தாண்டிப் பெரிதும் செல்லவில்லை.

1906-இல் மைசூர் திவானாகத் திரும்பினார். 1907-இல் சட்டசபை நிறுவப்பட்டது. இனி வருவதை மலர்க் கட்டுரைகள் வழக்கமாக மறைத்துவிடும், நாம் மறைப்பதற்கில்லை. 1908-இல் பத்திரிகைச் சட்டம் ஒன்று அவர் ஆட்சியில் பிறந்தது. அரசின் அனுமதியின்றிப் பத்திரிகை நடத்தலாகாது என்றது அது. எழுத்தாளரும் படித்தோரும் கொதித்தெழுந்தனர். மைசூர் மக்கள் தாத்தையா என்று போற்றிய வெங்கடகிருஷ்ணையா போன்றோரின் ஏடுகள் நின்றன. மக்கள் பேசுவதற்கு இரு சபைகளைத் தோற்றுவித்த கையே, எழுதுவோரின் பேனாவைப் பறித்தது. பழைய போலீஸ் அதிகாரி திவானின் நாற்காலியில் எட்டிப்பார்த்தார் என்று சொன்னால் தவறாகாது. மறு ஆண்டு அவர் பதவி முடிந்தது.

1914 முதல் 1916 வரை பரோடாவிலும் திவானாக இருந்தார். மூன்று சமஸ்தானங்களில் திவான் பதவி வகித்தவர் அந்நாளில் மிகச் சிலரே.

பென்ஷன் வாங்கி, சாய்வு நாற்காலியில் அமர்ந்து பழம்பெருமை பேசும் வயது வந்தது. அவரோ காங்கிரசில் கலந்துகொண்டார். வெள்ளை அரசின் பட்டம் பெற்ற ஒருவர் அதைச் செய்வது அந்நாளில் எளிய காரியமன்று. 1919-இல் இந்தியச் சீர்திருத்த மசோதாவை ஆராயப் பார்லிமெண்டின் கூட்டுக் கமிட்டி இலண்டனில் கூடியபோது, காங்கிரஸ் தூதுக்குழுவில் விட்டல்பாய் படேலுடன் அவரும் சென்று சாட்சியம் அளித்தார். அப்போது அவருக்கு வயது 69. கப்பலில் வாரக்கணக்கில் பயணம், அந்தக் குளிர், முன் அமர்ந்திருப்போரோ ஆளும் பிரபுக்கள். ஒருகாலத்தில் குடிகளின் வாயடைத்தவர், அங்கே குடிகளுக்குப் பொறுப்பான ஆட்சி வேண்டும் என்று வாதாடினார். பத்திரிகைச் சட்டத்தை எண்ணி அவர் வருந்தினாரா என்பதை நாம் அவருடைய உள்ளத்துள் புகுந்து காண இயலாது. செயலை மட்டும் காண்கிறோம்.

1934-இல் அவர் மறைந்தார். அதற்குள் தூதுக்குழு சென்று பதினைந்து ஆண்டுகள் கடந்திருந்தன; மைசூரிலோ குடிகளுக்குப் பொறுப்பான மந்திரிசபை அமைய இன்னும் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தன.