மாணாக்கரே செல்வம்: ஆசான் பிரபுல்ல சந்திர ரே

பாவலர்கள் கூடும் மன்றத்தின் மலரில் மருந்து வேதியியல் அறிஞர் ஒருவரின் வாழ்க்கை இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் அவர் இலக்கியத்தில் தோய்ந்தவர். மாணாக்கரின் உயர்வையே தம் உயர்வாகக் கொண்டவர். நன்னூலார் வகுத்த ஆசிரிய இலக்கணத்திற்கு வங்க மண் அளித்த எடுத்துக்காட்டு, பிரபுல்ல சந்திர ரே ஆவார்.

இளமையும் கல்வியும்

1861-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2-ஆம் நாள், இன்றைய வங்காளதேசத்தின் குல்னாப் பகுதியிலுள்ள ராருலி என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். கவியரசர் தாகூர் பிறந்த ஆண்டும் அதுவே. கல்கத்தாவில் பள்ளியில் பயின்றபோது கடும் வயிற்றுக்கடுப்பு அவரைப் பற்றியது. படிப்பு தடைப்பட்டு ஊர் திரும்பிய சிறுவனுக்குத் தந்தையாரின் நூலகமே பள்ளியாயிற்று. நோய் உடலை வாட்டியது. நூல்கள் உள்ளத்தை வளர்த்தன. வாழ்நாள் முழுதும் நீங்காத அந்நோய் உணவில் கட்டுப்பாட்டையும் பொழுதில் ஒழுங்கையும் கற்பித்தது.

1882-இல் கில்கிறிஸ்ட் உதவித்தொகை பெற்று எடின்பரோ சென்றார். 1887-இல் அறிவியல் முதுமுனைவரானார். தாயகம் மீண்டவரை வரவேற்க வேலை எதுவும் காத்திருக்கவில்லை. ஏறத்தாழ ஓராண்டு காலம் நண்பர் ஜகதீச சந்திர போசின் இல்லத்தில் தங்க நேர்ந்தது. 1889-இல் மாநிலக் கல்லூரியில் திங்களுக்கு 250 ரூபாய் ஊதியத்தில் தற்காலிகப் பணி கிடைத்தது. உயர்பணி நிலைகள் ஆங்கிலேயர்க்கே உரியவையாய் இருந்த காலம் அது. அவர் முறையிட்டபோது, வேறு தொழில் பார்த்துக்கொள்ளலாமே என்னும் கருத்தில் மேலதிகாரி விடையிறுத்தார். அச்சொல் அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

மருந்தாலை

வேறு தொழிலையும் அவர் செய்தே காட்டினார். ஆனால் ஆசிரியப் பணியைக் கைவிடவில்லை. 1892-இல் 700 ரூபாய் முதலீட்டில், தாம் குடியிருந்த வீட்டிலேயே வங்க வேதியியல் மருந்தாலையைத் தொடங்கினார். கசாப்புக் கடைகளிலிருந்து மாட்டெலும்புகளை வாங்கி மாடியில் உலர்த்தினார். அவற்றைச் சுட்டெடுத்த சாம்பலிலிருந்து கந்தக அமிலத்தின் துணைகொண்டு பாசுபேட்டு உப்புகளை ஆக்கினார். காக்கைகள் எலும்புத் துண்டுகளை அண்டை வீடுகளில் போட, அயலார் சினந்தனர். மருத்துவ நண்பர் அமூல்ய சரண் போசின் துணையால் ஆடாதொடை, ஓமம் முதலிய நாட்டு மூலிகைகள் புதுமுறை மருந்துகளாயின.

இம்முயற்சி பெருவிலை கேட்டது. உடனுழைத்த இளைஞர் சதீச சந்திர சின்கா ஆய்வகத்தில் நஞ்சேறி மாண்டார். 1898-இல் அமூல்ய சரணரைக் கொள்ளைநோய் கொண்டுபோயிற்று. இரு கைகளும் ஒடிந்தாற்போன்ற அந்நிலையிலும் ரே தளரவில்லை. 1901-இல் அவ்வாலை பங்கு நிறுவனமாக வளர்ந்தது.

ஆய்வும் மாணாக்கரும்

பாதரச நைட்ரைட்டு பற்றிய கண்டுபிடிப்பை அவர் 1896-இல் வெளியிட்டார். இந்திய வேதியியல் வரலாற்றை ஆராய்ந்து 1902-இலும் 1909-இலும் இரு தொகுதிகளாகத் தந்தார். அந்நூலே அவர் புகழை நிலைநாட்டப் போதும். எனினும் அவருடைய தலைசிறந்த ஆக்கம் அவர்தம் மாணாக்கரே என்பது என் துணிபு.

உயர்வகுப்பினரைப் பிறரிடம் விட்டுத் தொடக்க வகுப்பினரிடமே அவர் விரும்பிச் சென்றார். இளம் மனத்தில்தான் விதை ஊன்றும் என்பது அவர் எண்ணம். ஞான சந்திர கோசு, ஞானேந்திர நாத முகர்சி, நீலரத்தின தார், மேகநாத சாகா, சத்தியேந்திர நாத போசு ஆகியோர் அவரிடம் பயின்றோரே. சாகாவும் போசும் இயற்பியல் நோக்கிச் சென்றனர். தம் துறையைத் துறந்தார்களே என ஆசான் வருந்தினாரல்லர். 1920-இல் சாகாவின் அயனியாக்கக் கொள்கையும், 1924-இல் போசின் புள்ளியியற் கொள்கையும் உலகப் புகழ் பெற்றன. கோசு பின்னாளில் கரக்பூர் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் இயக்குநரானார்.

1916-இல் ரே கல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியின் முதல் பாலித் பேராசிரியராக அமர்ந்தார். அக்கல்லூரி மாடியில் ஓர் எளிய அறையே மணம் புரியாத அவருக்கு இல்லமாயிற்று. ஏழை மாணாக்கர் சிலரும் உடனுறைந்தனர். 1921-இல் அகவை அறுபது நிறைந்தது முதல் 1936-இல் ஓய்வுபெறும் வரை, 15 ஆண்டு ஊதியத்தையும் வேதியியல் துறை வளர்ச்சிக்கே வழங்கினார். 1922-இல் வடவங்கம் வெள்ளத்தில் மூழ்கியபோது துயர்துடைப்புப் பணிக்குத் தலைமை ஏற்றார். 1924-இல் தோன்றிய இந்திய வேதியியல் கழகத்தின் முதல் தலைவரும் அவரே.

நிறைவு

அறிவியல் தாய்மொழியில் மலர வேண்டும் என விழைந்த அப்பெருமகனார் சிறுவர்க்காக வங்க மொழியில் விலங்கியல் நூல் எழுதினார். சேக்சுபியரை முதுமையிலும் ஆராய்ந்தார். 1944 சூன் 16-இல், அதே கல்லூரி அறையில் மாணாக்கர் சூழ அவர் உயிர் பிரிந்தது.

ஆய்வு நெறியாளர் இருக்கையில் அமரும் என்னைப் போன்றோர் தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டிய ஒன்றுண்டு. நம் மாணாக்கர் நம்மைக் கடந்து செல்லும் நாளில் நாம் மகிழ்வோமா, மருகுவோமா? ரே மகிழ்ந்தார், அம்மகிழ்ச்சியே அவரது பெருமை. இளங்கவிஞரை வளர்க்கும் நம் மன்றத்திற்கும் இப்பத்தாம் ஆண்டில் அவர் வாழ்வு நல்வழி காட்டுவதாகுக.