தந்தை பெரியார்: கருத்தோடு மோதினார், மனுஷரை மதித்தார்



நம்ம குழுக்கள் எதனால உடையுதுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தவணை நின்னு போனதால் உடைந்த குழு உண்டு. ஆனால் வார்த்தையால் உடைந்த குழுவும் உண்டு. கூட்டத்தில் ஒரு தீர்மானம் வருகிறது. ஒருத்தங்க மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாங்க. அதோடு விட்டால் பரவாயில்லை. மறுவாரம் அவங்க வீட்டுக் கதை தெருவெல்லாம் போகிறது. அப்புறம் அவங்க கூட்டத்துக்கே வருவதில்லை. இந்த மலரில் தந்தை பெரியாரின் வாழ்க்கையை எழுத நினைத்ததற்கு அதுதான் காரணம்.

ஈ.வெ.ராமசாமி 1879 செப்டம்பர் 17 அன்று ஈரோட்டில் பிறந்தார். அப்பா வெங்கட்டர் பெரிய வியாபாரி, அம்மா சின்னத்தாயம்மாள். வீட்டில் பக்தி அதிகம். பையனுக்கோ கேள்வி அதிகம். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம்தான், கடையில் கற்றுக்கொண்டதுதான் மிச்சம். 19 வயதில் நாகம்மையாரைத் திருமணம் செய்தார்.

பின்னாளில் ஈரோடு நகராட்சித் தலைவரானார். சேலம் நகராட்சிக்குத் தலைவராக இருந்த ராஜாஜி அப்போதுதான் நண்பரானார். அவர் அழைத்ததால்தான் பெரியார் காங்கிரசில் சேர்ந்தார். 1921-இல் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது நாகம்மையாரும், பெரியாரின் தங்கை கண்ணம்மாவும் முன்னால் நின்றார்கள். 1924-இல் கேரளத்தில் வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தப்பட்டவர்கள் நடக்கக் கூடாது என்றிருந்த தடையை எதிர்த்துப் போராடி, பெரியார் இரண்டு முறை சிறை சென்றார்.

1925-இல் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புரிமைத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ள அனுமதி கிடைக்கவில்லை. பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். சுயமரியாதை இயக்கம் வளர்ந்தது. சாமி இல்லை, சாதி இல்லை, பெண் யாருக்கும் அடிமை இல்லை என்று ஊர் ஊராகப் பேசினார். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமாக வர 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர் மேடைப் பேச்சு ரொம்பக் காரம். சாமி கும்பிடுகிறவர்களுக்கு அது வலிக்கத்தான் செய்தது. நம்ம குழுக்களிலும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவங்கதான் அதிகம். அவர் சொன்ன எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் மேடையை விட்டு இறங்கியபின் எதிர்த்தவர்களிடம் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதை நாம் கற்றுக்கொள்ளலாம்.

1925-இல் குடிஅரசு வார இதழைத் தொடங்கியபோது, திறப்பு விழாவுக்கு அவர் அழைத்தது திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் சுவாமிகளை. சுவாமிகள் சைவ மடத்தின் தலைவர். வயதில் சின்னவர்கள் வந்தாலும் வாங்க, உட்காருங்க என்றுதான் பெரியார் பேசுவார். யாரையும் நீ, வா, போ என்பதில்லை.

ராஜாஜியோடு அவருக்கு இருந்த மோதல் சாதாரணமானது இல்லை. 1938-இல் சென்னை மாகாண முதல்வராக இருந்த ராஜாஜி பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். பெரியார் எதிர்த்தார். அந்த வருஷம் நவம்பர் 13 அன்று சென்னையில் கூடிய பெண்கள் மாநாட்டில்தான் அவருக்குப் பெரியார் என்ற பட்டம் தரப்பட்டது. பட்டம் கொடுத்தது பெண்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. அங்கே பேசியதற்காகவும் அவர்மேல் வழக்கு வந்தது. 59 வயதில் சிறைக்குப் போனார். சிறையில் அடைத்தது பழைய நண்பரின் அரசாங்கம். 1953-இல் ராஜாஜி புதிய கல்வித் திட்டம் கொண்டுவந்தபோது, பிள்ளைகளை அப்பன் தொழிலுக்கே அனுப்பும் திட்டம் என்று பெரியார் ஊரெல்லாம் திரண்டெழச் செய்தார். மறுவருஷம் ராஜாஜி பதவி விலகினார்.

இத்தனைக்கும் நடுவில் 1949-இல் ஒரு விஷயம் நடந்தது. மணியம்மையாரைத் திருமணம் செய்வது பற்றிப் பேச, திருவண்ணாமலைக்கு வந்திருந்த ராஜாஜியைப் பெரியார் சந்தித்தார். கட்சிக்குள் கொந்தளிப்பு. ராஜாஜிதான் தூண்டிவிட்டார் என்று பலரும் பழி போட்டார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, அது சொந்த விஷயம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். பின்னாளில் ராஜாஜியின் கடிதம் வெளியே வந்தபோதுதான், அவர் அந்தத் திருமணத்தைப் பற்றி எச்சரித்திருந்தார் என்று தெரிந்தது. ஒருவர் நம்பி அந்தரங்கமாக எழுதியதை, அவரோடு மோதுகிற காலத்திலும் பெரியார் ஆயுதமாக எடுக்கவில்லை.

அந்தத் திருமணத்தைக் காரணம் காட்டி அண்ணா வெளியேறி தி.மு.க.வைத் தொடங்கினார். தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்று காலியாகவே வைத்தார். பெரியாரோ அவர்களைக் கண்ணீர்த்துளிகள் என்று கேலி பேசினார். 1967 தேர்தலில் அவர்களுக்கு எதிராகவே பிரசாரம் செய்தார். ஆனால் தி.மு.க. ஜெயித்தது. பதவியேற்கும் முன்பே அண்ணா திருச்சிக்கு வந்து பெரியாரைப் பார்த்தார். ஜெயித்தவர் தேடி வந்தார், எதிர்த்தவர் மனசார வரவேற்றார். 18 வருஷப் பிணக்கு அன்றோடு தீர்ந்தது. அண்ணா ஆட்சியில்தான் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது.

1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி காலமானார். பெரியாருக்கு அப்போது 93 வயது. நடக்க முடியாது. சக்கர நாற்காலியில் சுடுகாட்டுக்கே வந்து, எல்லோரும் பார்க்க அழுதார். கொள்கையில் கடைசிவரை இருவரும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாமலேயே அரை நூற்றாண்டு நண்பர்களாக இருந்தார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, 1973 டிசம்பர் 24 அன்று வேலூர் மருத்துவமனையில் பெரியாரும் கண் மூடினார்.

சகோதரிகளே, விட்டுக்கொடுத்துப் போங்கள் என்று நமக்குச் சின்ன வயசிலிருந்தே சொல்லித் தந்திருக்கிறார்கள். பெரியார் கொள்கையை விட்டுக்கொடுக்கவே இல்லை. அதனால் நாமும் தீர்மானத்தில் உடன்பாடு இல்லையென்றால் வாய் திறந்து சொல்லலாம், கணக்கில் சந்தேகம் இருந்தால் நோட்டைத் திறந்து கேட்கலாம். ஆனால் கேட்கும்போதும் வாங்க, சொல்லுங்க என்றே கேட்போம். நம்மிடம் நம்பிச் சொன்ன கஷ்டத்தைச் சண்டையில் வெளியே விடாமல் இருப்போம். கோபித்துக்கொண்டு போனவங்க திரும்பி வந்தால், உட்காரப் பாயில் இடம் விட்டு வைப்போம். அவங்க வீட்டில் ஒரு சாவு விழுந்தால் முதல் ஆளாகப் போய் நிற்போம்.

சுயமரியாதை என்பது என் மரியாதை மட்டும் இல்லை. எதிரில் உட்கார்ந்து மாட்டேன் என்று சொல்கிறவங்களுக்கும் அது உண்டு.