ஆல்பிரெட் ஸ்லோன் சரிதை

வர்த்தகத்தையே வாழ்வாகக் கொண்ட நமது குடும்பங்கள் பல கூட்டுக் கம்பெனிகளை நிறுவி நடத்தி வருகின்றன. அவற்றில் டைரக்டர் சபையின் அக்கிராசனரே நிர்வாகத்தையும் ஏற்று நடத்தலாமா, அன்றி அவ்விரு பதவிகளும் இருவர்பால் இருத்தல் வேண்டுமா என்னும் வினா அடிக்கடி எழுகின்றது. இதனை ஆராயும் நேயர்கட்குப் பயன்படுமென்று கருதி, அமெரிக்க மோட்டார் வர்த்தகத்தில் அழியாப் புகழ் பெற்ற ஆல்பிரெட் ஸ்லோன் என்பாரது சரிதையை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

ஸ்லோன் 1875-ம் வருடம் மே மாதம் 23-ந் தேதி கனெக்டிகட் மாகாணத்து நியூஹேவன் நகரிற் பிறந்தார். தந்தையார் தேயிலை, காப்பி வியாபாரி. மாஸச்சூஸெட்ஸ் தொழிற்கலாசாலையில் மின்சார எஞ்சினீயரிங் பயின்று 1895-ல் பட்டம் பெற்ற இவர், ஹையட் என்னும் சிறிய ரோலர் பேரிங் தொழிற்சாலையில் அமர்ந்தார். அது நலிவுற்ற காலத்தில் தந்தையார் பொருளுதவி செய்ய, மைந்தர் இராப்பகலாக உழைத்து அதனை உயர்த்தினார். 1916-ல் வில்லியம் டூரண்ட் என்பார் அத்தொழிற்சாலையை 1 கோடியே 35 லட்சம் டாலருக்கு வாங்கினார். 1918-ல் அது ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியுடன் சேரவே, ஸ்லோனும் அக்கம்பெனியின் டைரக்டர்களுள் ஒருவரானார்.

அப்பொழுது நிர்வாகத் தலைவர் டூரண்ட்; டைரக்டர் சபை அக்கிராசனர் பியேர் டூபாண்ட். பதவிகள் இரண்டாகவே இருந்தன. ஆயினும் டூரண்ட் தம் மனம் போனவாறே காரியங்களை நடத்தினார். சபைக்கு முறையான கணக்குகள் எட்டவில்லை. கம்பெனியின் அமைப்பைச் சீர்திருத்த ஸ்லோன் எழுதிக் கொடுத்த திட்டமும் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1920-ல் வியாபாரம் வீழ்ந்தபொழுது, 20 கோடி டாலருக்கு மேற்பட்ட சரக்குகள் தேங்கி நின்றன. பங்குகளின் விலையைத் தாங்குவதற்காக டூரண்ட் சொந்தக் கடன் பட்டிருந்த செய்தி அவ்வாண்டு நவம்பரிலேதான் டூபாண்டுக்குத் தெரிய வந்தது. டூரண்ட் விலகினார்.

கம்பெனியைக் காக்க வேண்டி, டூபாண்ட் இரு பதவிகளையும் தாமே ஏற்றார். கடன் கொடுத்தோர் நம்பிக்கை கொண்டனர். ஸ்லோனின் திட்டமும் அங்கீகாரம் பெற்றது. இடுக்கண் வேளையில் இருபதவிகளும் ஒருவர்பால் அமைந்தமை நன்மையே பயந்ததென்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

எனினும் அந்நன்மையோடு ஒரு தீமையும் தொடர்ந்தது. தண்ணீரின்றிக் காற்றினாலேயே குளிரும் செப்புத் தகடு பொருத்திய எஞ்சின் ஒன்றில் டூபாண்டுக்குப் பெரும் பற்று உண்டாயிற்று. வண்டி செய்யும் பிரிவுகளின் மானேஜர்கள் ஐயுற்றனர்; ஸ்லோனும் ஐயுற்றார். ஆனால் நிர்வாகத் தலைவரின் விருப்பத்தை எவரிடம் முறையிடுவது? அவருக்கு மேலிருந்த அக்கிராசனரும் அவரே அன்றோ? இரண்டாண்டுக் காலம் இவ்வாறு கழிந்தது. 1923-ல் 759 வண்டிகள் செய்யப்பட்டன. பொதுமக்கள் வாங்கியவை ஏறக்குறைய நூறே. அவையும் திரும்பப் பெறப்பட்டன.

அவ்வாண்டு மே மாதத்தில் டூபாண்ட் நிர்வாகப் பதவியை ஸ்லோனிடம் ஒப்புவித்து, அக்கிராசனராக மட்டும் அமர்ந்தார். பிரிவுகள் தத்தம் தொழிலைத் தாமே நடத்துதல், கணக்குகள் யாவும் ஒரே முறையில் தலைமைக்கும் சபைக்கும் வருதல் என்பனவே ஸ்லோன் நிலைநாட்டிய ஒழுங்காகும். 1923 முதல் 1937 வரை அவர் நிர்வாகியாகவும், டூபாண்ட் குடும்பத்தார் அக்கிராசனராகவும் இருந்த காலத்திலேயே அக்கம்பெனி போர்டு கம்பெனியை முந்தியது.

1937-ல் ஸ்லோனும் இரு பதவிகளையும் தம்மிடமே கொண்டார். 1946-ல் நிர்வாகத்தை மட்டும் சார்லஸ் வில்ஸனிடம் விடுத்து, 1956 வரை அக்கிராசனராக வீற்றிருந்து, 1966 பிப்ரவரி 17-ந் தேதி தமது 90-ம் வயதிற் காலமானார்.

இச்சரிதையினால் நாம் அறிவது யாது? பதவிகளைப் பெயரளவிற் பிரிப்பது மாத்திரம் போதாது. டூரண்ட் காலத்தில் அவை பிரிந்தே இருந்தன. கணக்குகள் சபைக்கு வந்தடைய வேண்டும். கேள்வி கேட்க உரிமையும் துணிவும் உடைய ஒருவர் நிர்வாகிக்கு மேல் அமர்ந்திருத்தலும் வேண்டும். நமது தேசத்திற் செபி ஸ்தாபனம், பெரிய கம்பெனிகளில் இப்பதவிகளைப் பிரிக்க வேண்டுமென்றும், அக்கிராசனர் நிர்வாகிக்கு உறவினராயிருத்தல் கூடாதென்றும் 2018-ல் விதி செய்து, 2022-ல் அதனைக் கம்பெனிகளின் விருப்பத்திற்கே விட்டுவிட்டது. ஆகவே பொறுப்பு நம்முடையதே. தமையனார் அக்கிராசனராகவும் தம்பியார் நிர்வாகியாகவும் அமர்ந்துள்ள நம் இல்லங்களில், தம்பியார் கணக்கைத் தாமே முன்வந்து காட்டுவதும், தமையனார் அன்பு குன்றாமலே அதனை வினவுவதும் வழக்கமாகுமாயின், பங்குதாரர் பொருளும் குடும்ப ஒற்றுமையும் ஒருங்கே நிலைபெறும் என்பது நமது துணிபு.