படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?
கடற்கரையில் கலைஞர் கிராமம் கண்ட பணிக்கரின் வாழ்க்கை

பையன் சுவரில் கரியால் படம் போடுகிறான். நன்றாகத்தான் போடுகிறான். ஆனாலும் பெற்றோருக்குக் கவலை. படம் போட்டுப் பிழைக்க முடியுமா?

திருமழிசை ஆனாலும் சரி, திருநெல்வேலி ஆனாலும் சரி, இந்தக் கவலை ஒன்றுதான். இதே கவலை ஒரு பெரிய ஓவியரையும் வாட்டியது. தம்மைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. தம் மாணவர்களைப் பற்றித்தான் கவலைப்பட்டார். அந்தக் கவலையில் பிறந்தது ஒரு கிராமம்!

அந்த ஓவியர்தான் கே.சி.எஸ். பணிக்கர்.

தந்தி இலாகா வேலை

பணிக்கர் 1911-ம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தார். கேரளத்தில் உள்ள பொன்னானியில் படித்தார். தென்னந்தோப்பும் பச்சை வயலும் நிறைந்த பகுதி அது. அந்தப் பசுமை அவர் மனதில் ஒட்டிக்கொண்டது. 12 வயதிலேயே இயற்கைக் காட்சிகளை வரையத் தொடங்கிவிட்டார். 17 வயதில் அவருடைய படம் சென்னைக் கண்காட்சியில் இடம் பெற்றது.

ஆனால், குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டுமே! படிப்பைப் பாதியில் விட்டார். தந்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். மாதம் பிறந்தால் சம்பளம். அந்தக் காலத்தில் அது பலருக்குக் கிடைக்காத பாக்கியம்.

ஆனாலும் தூரிகையை அவரால் மறக்க முடியவில்லை. 25 வயதில் வேலையை விட்டார். 1936-ல் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார்.

இந்தப் பள்ளி 1850-ல் தொடங்கப்பட்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிறது. திருமழிசையில் இருந்து பூந்தமல்லி வழியாக அந்தச் சாலையிலேயே சென்ட்ரலுக்குப் போகிறவர்கள் இதன் வாசலைத் தாண்டித்தான் போவார்கள். இப்போது இது அரசு கவின் கலைக் கல்லூரி.

அப்போது பள்ளியின் தலைவராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. மெரினா கடற்கரையில் உழைப்பாளர் சிலை இருக்கிறதே, அதைச் செய்தவர் அவர்தான். அந்த ஆசிரியரிடம் பணிக்கர் தொழில் கற்றார். பிறகு அதே பள்ளியில் ஆசிரியர் ஆனார். 1957-ல் ராய் சவுத்ரி ஓய்வு பெற்றார். அவர் நாற்காலியில் பணிக்கர் அமர்ந்தார்.

வாங்க ஆள் இல்லை

பணிக்கர் பெயர் பெற்ற ஓவியர். 1944-ல் நண்பர்களுடன் முற்போக்கு ஓவியர் சங்கத்தை ஏற்படுத்தினார். 1954-ல் லண்டனில் அவருடைய படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

ஆனால் அவருடைய மாணவர்கள் நிலைமை என்ன?

ஐந்தாறு ஆண்டுகள் கஷ்டப்பட்டுப் படிப்பார்கள். வெளியே வந்தால் வேலை இருக்காது. படம் வரைந்தால் வாங்க ஆள் இருக்காது. சேலை இல்லாமல் இருக்க முடியாது. பாத்திரம் இல்லாமல் சமைக்க முடியாது. படம் இல்லாவிட்டால் குடும்பத்தில் எந்த வேலையும் நின்றுவிடாதே! புதிய ஓவியனின் பெயரும் யாருக்கும் தெரியாது. முன்பின் தெரியாதவன் படத்துக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

கொஞ்ச நாள் பொறுப்பார்கள். பிறகு கிடைத்த வேலைக்குப் போவார்கள். தூரிகை காய்ந்துவிடும்.

நல்ல கைகள் இப்படி வீணாவதைப் பணிக்கர் பார்த்தார். சம்பள வேலையை விட்டுவிட்டு வந்தவர் அல்லவா? அந்த வேதனை அவருக்குத் தெரியும்.

மெழுகும் சாயமும்

அவருக்கு ஒரு வழி தோன்றியது. படத்தை வாங்க ஆள் இல்லை என்றால், வாங்க ஆள் இருக்கும் பொருளைச் செய்வோம். கலைஞன் கைபட்ட துணி, தோல் பை, உலோகச் சாமான் என்றால் ஜனங்கள் ஆசையாக வாங்குவார்கள். அதில் வயிற்றைக் கழுவலாம். மிச்ச நேரத்தில் மனம் போல ஓவியம் தீட்டலாம்.

1963-ல் ஓவியர் கைத்தொழில் சங்கம் பிறந்தது.

அவர்கள் செய்த பொருள்களில் முக்கியமானது பாத்திக் துணி. இதைச் செய்யும் விதம் வேடிக்கையானது. துணியில் சாயம் ஏறக்கூடாத இடங்களில் உருக்கிய மெழுகைப் பூசுவார்கள். பிறகு துணியைச் சாயத்தில் முக்குவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஒட்டாது. ஒவ்வொரு நிறத்துக்கும் இப்படியே மெழுகு பூசி முக்க வேண்டும். கடைசியில் வெந்நீரில் போட்டால் மெழுகு கரைந்து போகும். உள்ளே இருந்து படம் வெளிப்படும்!

துணிகள் விற்றன. கையில் காசு சேர்ந்தது. விற்ற பணத்தில் ஒரு பங்கு சங்கத்துக்கு, மீதி செய்தவருக்கு.

மணலில் எழுந்த கிராமம்

சேர்ந்த பணத்தைக் கொண்டு நிலம் வாங்கினார்கள். சென்னையில் இருந்து மகாபலிபுரம் போகும் வழியில், ஈஞ்சம்பாக்கத்தில், ஏறத்தாழ 10 ஏக்கர். அன்று அது வெறும் மணல் வெளி.

1966-ல் அங்கே கலைஞர் கிராமம் உருவாயிற்று. முப்பது, நாற்பது பேர் இதில் சேர்ந்தார்கள். குடிசை போட்டுக்கொண்டு அங்கேயே தங்கினார்கள். கைத்தொழிலும் செய்தார்கள், ஓவியமும் தீட்டினார்கள். கிராமத்துக்குச் சோழமண்டலம் என்று பெயர் வைத்தார்கள். சோழ மன்னர்கள் கலையை வளர்த்த கடற்கரை அல்லவா இது?

1967-ல் பணிக்கர் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றார். மாணவர்களோடு மாணவராகச் சோழமண்டலத்தில் வேலை செய்தார்.

அப்போது அவர் வரைந்த படங்கள் விசித்திரமானவை. ஜாதகக் கட்டம் போல் கட்டங்கள் இருக்கும். எழுத்து போல் வரி வரியாகக் கோடுகள் இருக்கும். ஆனால் வாசிக்க முடியாது. பண்டிதராலும் முடியாது, நேற்று அரிச்சுவடி கற்றவராலும் முடியாது. இருவரும் பார்த்து ரசிக்கத்தான் முடியும்!

ராமானுஜம் கதை

பணிக்கரின் மாணவர்களில் ஒருவர் கே. ராமானுஜம். நாலு பேரோடு கலந்து பழகத் தெரியாதவர். ஆனால் பேனா எடுத்தால் போதும். மாய மாளிகைகளும் வினோத மிருகங்களும் காகிதத்தில் எழும்பும். பணிக்கர் அவரைத் தட்டிக்கொடுத்து வளர்த்தார். சோழமண்டலத்தில் இடமும் கிடைத்தது.

பாவம், ராமானுஜம் 1973-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவருடைய படங்களைப் பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். அந்தப் பெருமையைப் பார்க்க அவர் இல்லை.

கிராமம் இருந்தும் எல்லோரையும் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அது இல்லாமல் இருந்தால் ராமானுஜத்தின் படங்கள் நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இன்றும் இருக்கிறது

பணிக்கர் 1977-ம் ஆண்டு ஜனவரி மாதம் காலமானார். அவருடைய மகன் நந்தகோபால் பெயர் பெற்ற சிற்பியாகி, சோழமண்டலத்தை நடத்திவந்தார். அவரும் 2017-ல் மறைந்தார்.

கிராமம் இன்றும் இருக்கிறது. 2009-ல் அங்கே ஒரு கலைக்கூடம் திறக்கப்பட்டது. பணிக்கரின் படங்களையும் அவருடைய மாணவர்களின் படைப்புகளையும் அங்கே பார்க்கலாம்.

மகாபலிபுரம் போகும்போது பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ சுவரில் படம் போட்டால், ஒரு நோட்டும் வண்ணப் பெட்டியும் வாங்கிக் கொடுங்கள். கூடவே ஒரு கைத்தொழிலும் கற்றுக்கொடுங்கள். பணிக்கர் தம் மாணவர்களுக்குக் காட்டிய வழி அதுதான்.