தோமஸ் கிரகாம்: எது எதனூடாகப் போகும் என்று கேட்டவர்

உயர்தரத்தில் இரசாயனவியல் படித்த நம் பழைய மாணவியருக்குத் தோமஸ் கிரகாம் என்பது ஒரு விதியின் பெயர். வாயு பரவும் வேகம் அதன் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறு விகிதசமம். மனனம் செய்தோம், நாலு கணக்குச் செய்தோம், பரீட்சை முடிய மறந்துவிட்டோம். நானும் அப்படித்தான். பல வருடங்களின் பின் சிறுநீரக நோயாளரோடு வேலை செய்தபோதுதான், டயலிசிஸ் என்ற பெயரை வைத்தவரும் இதே மனிதர் என்று அறிந்தேன். தேடி வாசித்தால் இன்னொரு ஆச்சரியம் இருந்தது. ஓர் உலோகக் கம்பிக்குள், அதன் கனவளவைப் போல் தொள்ளாயிரம் மடங்குக்கு மேற்பட்ட ஐதரசனை ஏற்றிக் காட்டியவரும் அவர்தான்.

1805 டிசெம்பரில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தகப்பனார் துணி உற்பத்தித் தொழிலில் இருந்தவர். மகன் ஸ்கொட்லாந்துத் திருச்சபையில் போதகராக வேண்டும் என்பது அவருடைய தீர்மானம். 1819ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மகனோ தோமஸ் தொம்சனின் இரசாயனவியல் விரிவுரைகளில் மனதைக் கொடுத்துவிட்டார். தகப்பனார் கோபத்தில் பண உதவியை நிறுத்தினார். தாயும் சகோதரி மார்கிரெட்டும் அவர் பக்கம் நின்றார்கள். எடின்பரோவுக்குப் போய் மேலும் படித்தார்; பாடம் சொல்லிக் கொடுத்தும் எழுதியும் செலவைச் சமாளித்தார். எழுத்தில் கிடைத்த முதல் சம்பாத்தியத்தில் தாய்க்கும் சகோதரிக்கும் அன்பளிப்பு வாங்கினார்.

இதை வாசிக்கும்போது போதகர் என்ற இடத்தில் டொக்டர் என்று போட்டால் நம் ஊர்க் கதையாகிவிடும். பிள்ளை கெட்டிக்காரி என்றால் உயிரியல், பிறகு மருத்துவம் என்று வீட்டிலேயே முடிவாகிவிடுகிறது. நானும் அப்படி முடிவானவள்தான். எனக்கு அது பொருந்திவிட்டது. என்னோடு படித்த எல்லோருக்கும் பொருந்தவில்லை. இரசாயனத்தில் என்னைவிடக் கைதேர்ந்தவர்கள் அந்த வகுப்பில் இருந்தார்கள்.

கிரகாம் 1830ல் கிளாஸ்கோவின் அண்டர்சன் கல்லூரியில் பேராசிரியரானார். மேடையில் தடுமாறிப் பேசுகிறவர் என்றாலும் மாணவர் அவரை விரும்பினர். பின்னாளில் ஆபிரிக்காவுக்குப் போன டேவிட் லிவிங்ஸ்ரன் அங்கே அவரிடம் இரசாயனம் கேட்டவர். உதவியாளராக இருந்த ஜேம்ஸ் யங் பிறகு நிலக்கரியிலிருந்து விளக்கெண்ணெய் வடித்துப் பெரும் செல்வந்தரானார். குப்பி விளக்கில் படித்த நம் மூத்த அக்காமாருக்கு இந்தப் பெயர் கொஞ்சம் நெருக்கமாக இருக்கலாம்.

வெடித்த கண்ணாடிச் சாடியில் ஐதரசனை நிரப்பித் தண்ணீரில் கவிழ்த்து வைத்தால், சாடிக்குள் தண்ணீர் மட்டம் ஏறுகிறது என்று ஜேர்மனியரான டோபரைனர் 1823ல் கண்டிருந்தார். ஐதரசன் வெளியேறுவது மட்டுமல்ல, காற்றும் உள்ளே வருகிறது, ஆனால் மெதுவாக வருகிறது என்று கிரகாம் காட்டினார். வெடிப்புக்குப் பதிலாகக் குழாயின் வாயைப் பாரிஸ் சாந்தால் அடைத்து அளந்தார். ஐதரசன் காற்றைவிட ஏறத்தாழ 3.8 மடங்கு வேகம். நாம் மனனம் செய்த விதி இப்படித்தான் வந்தது. எது எதனூடாகப் போகும், எவ்வளவு வேகத்தில் போகும் என்ற அந்த ஒரே கேள்வியை அவர் கடைசிவரை விடவில்லை.

1837ல் இலண்டன் யுனிவேர்சிட்டி கல்லூரிக்குப் போனார். 1841ல் இரசாயனவியல் சங்கம் தொடங்கியபோது முதல் தலைவர் அவரே. 1855ல் அரச நாணயச் சாலையின் அதிபதியானார். ஒரு காலத்தில் நியூட்டன் இருந்த பதவி அது. செம்புக் காசுகளை விட்டு வெண்கலக் காசுகளுக்கு மாறிய பெரிய வேலை 1860ல் அவர் காலத்தில்தான் நடந்தது. நிர்வாகப் பதவிக்குப் போனால் ஆய்வு முடிந்தது என்பது வழக்கம். இவர் தன் மிகச் சிறந்த ஆய்வுகளைச் செய்தது அதற்குப் பிறகு.

1861ல் வெளிவந்த ஆய்வில், கரைந்த பொருட்களை இரண்டாகப் பிரித்தார். உப்பு, சீனி போன்றவை விரைவாகப் பரவும். பிசின், மாப்பொருள், முட்டை வெள்ளைக்கரு போன்றவை மந்தமானவை. பின்னையவற்றுக்குப் பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து கொலொயிட் என்று பெயரிட்டார். ஒரு வளையத்தில் தோல்கடதாசியை இழுத்துக் கட்டினால் அரிதட்டுப் போல் இருக்கும். அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டு உள்ளே கரைசலை ஊற்றினால், சிறியவை கீழே இறங்கும், பெரியவை தங்கும். இந்தப் பிரிப்புக்குத்தான் டயலிசிஸ் என்று பெயர் வைத்தார். அதில் அரை லீற்றர் சிறுநீரை ஊற்றி ஒரு நாள் விட்டார். வெளித் தண்ணீரை வற்றவைத்து, அதிலிருந்து யூரியாவைப் பளிங்காக எடுத்தார். நோயாளி ஒருவரை அவர் மனதில் வைத்திருந்தார் என்பதற்கு அடையாளமில்லை. ஆனால் யூரியா மென்சவ்வைத் தாண்டும், புரதம் தாண்டாது என்பதே இன்றைய சிகிச்சையின் அடிப்படை. 1943ல் நெதர்லாந்தில் வில்லெம் கொல்ஃப், சொசேஜ் சுற்றும் செலபேன் குழாயைக் கொண்டு மனிதருக்கான இயந்திரத்தை ஆக்கும்வரை எண்பது வருடங்களுக்கு மேல் சென்றன. படுவான்கரையிலிருந்து விடியமுன் பஸ் ஏறிப் பட்டிருப்புப் பாலம் தாண்டி, வாரத்தில் இரண்டு மூன்று தடவை நாலு மணித்தியாலம் படுத்திருந்து திரும்பும் அப்பாமாரும் அம்மாமாரும் அந்த அரிதட்டின் பேரில்தான் வாழ்கிறார்கள்.

பிறகு அவர் கேள்வி திடப்பொருட்களுக்குத் திரும்பியது. 1866ல் இறப்பர் மென்தாளூடாகக் காற்றை இழுத்தபோது, ஒட்சிசன் கூடிய காற்று மறுபக்கம் வந்தது. இறப்பரில் கண்ணுக்குத் தெரியும் துளையில்லை. வாயு முதலில் இறப்பரில் கரைந்து, மறுபக்கத்தில் வெளியேறுகிறது என்று விளக்கினார். உலோகமும் அப்படிச் செய்யுமா? சூடான பிளாற்றினமும் இரும்பும் ஐதரசனை விடும் என்று பிரான்சில் டெவில், துரூஸ்ற் என்ற இருவர் கண்டிருந்தனர். கிரகாம் பலேடியத்தை எடுத்தார். அதன் தகடு, தண்ணீர் கொதிக்கும் வெப்பம்கூடத் தேவைப்படாமல், தன் கனவளவைப் போல் அறுநூறு மடங்குக்கு மேல் ஐதரசனைக் குடித்தது. மற்ற வாயுக்களை அது சட்டைசெய்யவில்லை. அடுத்த வருடம் லெனார்ற்றோ விண்கல்லின் இரும்பைச் சூடாக்கி, உள்ளிருந்த வாயுவை வெளியே இழுத்தார். பெரும்பகுதி ஐதரசன். எங்கோ ஒரு நட்சத்திரச் சூழலின் ஐதரசனைத்தான் அந்த இரும்பு சுமந்து வந்திருக்கிறது என்று முடிவுகட்டினார்.

1869ல் செய்த பரிசோதனைதான் எனக்கு மிகப் பிடித்தது. 609 மில்லிமீற்றர் நீளமான பலேடியக் கம்பி ஒன்றை அமிலம் கலந்த தண்ணீரில் எதிர்மின்வாயாக வைத்து, ஐதரசனை ஏற்றினார். 936 மடங்கு கனவளவு ஏறியது. கம்பி ஏறத்தாழ 619 மில்லிமீற்றராக நீண்டது. வாயுவை வெளியேற்றியபோது அது பழைய நீளத்துக்குத் திரும்பவில்லை. 600க்கும் கீழே சுருங்கிவிட்டது. உலோகம் உள்ளே இருந்ததை நினைவில் வைத்திருந்தது போல. பலேடியத்தைப் பிளாற்றினம், பொன், வெள்ளி ஆகியவற்றோடு உருக்கிக் கலப்புலோகங்களாக்கியும் ஐதரசனை ஏற்றி அளந்தார்.

உள்ளே இருப்பது திண்மமான ஐதரசன், அதுவும் ஓர் உலோகம், ஆகவே இது இரண்டு உலோகங்களின் கலப்பு என்று அவர் நம்பினார். ஐதரஜனியம் என்று பெயரும் வைத்தார். அந்த இடத்தில் அவர் பிழை. ஐதரசன் மூலக்கூறு உலோகத்தின் மேற்பரப்பில் அணுக்களாக உடைந்து, உலோக அணுக்களின் இடைவெளிகளில் போய் அமர்கிறது என்பதே இன்றைய விளக்கம். ஆனால் அளவைகள் பிழைக்கவில்லை. இன்று மிகத் தூய ஐதரசன் எடுக்கப் பயன்படுவது பலேடியம்–வெள்ளிக் கலப்புலோக மென்சவ்வு. நம் தெருக்களில் ஓடும் பழைய பிரியஸ், அக்குவா ஹைபிரிட் கார்களின் நிக்கல் பற்றரிக்குள்ளும், ஐதரசனைக் குடித்து வெளியே விடும் ஒரு கலப்புலோகம்தான் இருக்கிறது.

நாணயச் சாலை கையில் இருந்ததால், ஐதரசன் ஏற்றிய பலேடியத்தில் மகாராணி விக்டோரியாவின் உருவம் பொறித்த சிறு பதக்கங்களை 1869ல் அடிப்பித்து நண்பர்களுக்குக் கொடுத்தார். அந்த வருடம் செப்டெம்பரில் இலண்டனில் காலமானார். உடல் கிளாஸ்கோ பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவருக்குப் பின் அந்தப் பதவிக்குத் தனியாக ஒருவரை நியமிக்கவில்லை. அது நிதியமைச்சரின் பொறுப்போடு சேர்ந்துவிட்டது. 1872ல் கிளாஸ்கோவின் ஜோர்ஜ் சதுக்கத்தில் அவருக்குச் சிலை எழுந்தது. அதை நகருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தவர், விளக்கெண்ணெய் வடித்த அந்த ஜேம்ஸ் யங்.