தகடூர் வழிநடந்த மன்றோ

பண்டைக் காலத்தில் தகடூர் என வழங்கிய ஊரே இன்று தருமபுரி எனப்படுவது என்பதைத் தமிழ் பயில்வார் யாவரும் அறிவர். அதியமானை நாடி ஒளவையார் வழிநடந்து வந்த நாடு அது. பாணரும் பொருநரும் விறலியரும் காடும் மலையும் கடந்து அவ்வூர் வாயிலை அடைந்தனர். பரிசில் பெற்று மீண்டனர். அவர் காலத்திற்குப் பன்னூறு ஆண்டுகள் பின்னர், கடல் கடந்த நாட்டினின்றும் வந்த ஒருவர் அதே வழிகளில் ஏழாண்டுக் காலம் திரிந்தார். அவர் பரிசில் பெற வந்தவரல்லர்; இறை கொள்ள வந்தவர். எனினும் நம் பக்கத்து ஊர்களையும், அவற்றின் வயல்களையும், அவ்வயல்களை உழுதாரையும் அவர் அறிந்த அளவு அக்காலத்து அயலார் பிறர் அறிந்தாரோ என்பது ஐயமே. அவர்தாம் ஸர் தாமஸ் மன்றோ என்பார். அவர் வரலாற்றை, சிறப்பாக அவர் நம் மாவட்டத்தில் வழிநடந்த பகுதியை, ஈண்டு ஒருவாறு எழுத முற்படுகின்றோம்.

மன்றோ 1761ஆம் ஆண்டு மே திங்கள் 27ஆம் நாள் ஸ்காத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் அமெரிக்காவிலுள்ள வர்ஜீனியாவோடு வாணிகம் செய்தவர். இளமையில் மணல்வாரி அம்மை கண்டதனால் மன்றோவின் செவிகள் மந்தமாயின. அக்குறை அவரை விட்டு நீங்கவேயில்லை. பிறர் குறைகளைக் கேட்பதையே வாழ்நாட் பணியாகக் கொள்ளவேண்டியவருக்குச் செவிப்புலனே குறைந்தது வியப்புக்குரியது. கிளாஸ்கோ சர்வகலாசாலையில் சில காலம் பயின்றார். ஸ்பெயின் தேசத்து நூலாகிய தான் குயிக்ஸோட்டை அதன் மூலத்திலேயே படிக்க வேண்டுமென்று தாமே முயன்று அம்மொழியைக் கற்றார். மெலிந்த குதிரையொன்றின்மேல் ஏறி ஊர் ஊராய்த் திரிந்த ஒரு வீரனின் கதை அது. அதனை விரும்பிப் படித்த சிறுவர் பிற்காலத்தில் குதிரைமேலேயே ஆயுளிற் பெரும்பகுதியைக் கழித்தார்.

அமெரிக்கர் சுதந்திரப் போர் தொடுத்தனர். தந்தையாரின் வாணிகம் அழிந்தது. கணக்குச் சாலையில் அமர்ந்திருந்த மைந்தர் பிழைப்பு நாடிக் கப்பலேறி, 1780ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் சென்னைத் துறையில் இறங்கினார். கும்பினியின் காலாட்படையில் கடைநிலைப் பதவியே அவருக்குக் கிடைத்தது. அவ்வாண்டிலேயே ஹைதர் அலியோடு போர் மூண்டது. அதன்பின் பத்தாண்டுகள் பாசறை வாழ்வு. இந்தியாவுக்கு வந்தார் யாவரும் பொன்னிலே புரளுவர் என்று ஐரோப்பாவில் எண்ணிய காலம் அது. மன்றோவோ தமக்குத் தலையணையாவது ஒரு புத்தகம் அல்லது தோட்டாப் பை என்றும், பசியும் தாகமும் வறுமையும் இன்னவென்று இந்நாட்டிற்கு வந்த பின்னரே அறிந்தார் என்றும் உடன்பிறந்தாளுக்கு எழுதினார். இவ்வறுமைக் காலத்தில் அவர் ஈட்டிய செல்வம் மொழிகளே. இந்துஸ்தானியும் பாரசீகமும் அவருக்கு இந்நாட்களிலேயே கைவந்தன. எழுத்தர் வாயிலாகவும் மொழிபெயர்ப்பார் வாயிலாகவுமே நாட்டினரோடு பேசிய துரைமார் மலிந்த அந்நாளில் இஃது அரிய செயல்.

1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமஹாலையும் சேலத்தையும் கும்பினியார்க்கு விட்டுக் கொடுத்தார். பாராமஹால் என்பது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பக்கங்களை உட்கொண்ட நிலப்பகுதி. அதை ஆள்வதற்குச் சென்னையிலிருந்த சிவில் உத்தியோகஸ்தர்களை அனுப்பக் காரன்வாலிஸ் பிரபு விரும்பவில்லை. அவர்களுள் நாட்டு மொழியும் குடிகளின் வழக்கமும் அறிந்தார் அரியர் என்பதே காரணம். ஆகவே படையினின்றும் காப்டன் அலெக்ஸாண்டர் ரீட் என்பாரைத் தெரிந்தெடுத்து, கிரகாம், மக்லியாட், மன்றோ என்னும் மூவரை அவர்க்குத் துணையாகத் தந்தார். நடுப்பகுதி மன்றோவின் பங்காயிற்று. தருமபுரி அவர் இருக்கையாயிற்று. அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று.

இருக்கை என்று சொன்னோமாயினும், இருந்த நாட்களினும் திரிந்த நாட்களே மிகுதி. கூடாரமும் சில கணக்கர்களும் உடன்வர, அவர் ஊர் ஊராய்ச் சென்றார். தருமபுரியினின்று எத்திசையிற் புறப்பட்டாலும் சிறிது தொலைவில் குன்றுகள் எதிர்ப்படும். மேற்கே பென்னாகரத்திற்கு அப்பால் காவிரி மலைகளைப் பிளந்துகொண்டு வரும். கிழக்கே அரூர்ப் பக்கத்தில் தென்பெண்ணை ஓடும். தெற்கே தொப்பூர்க் கணவாய் சேலத்திற்கு வாயிலாய் நிற்கும். இன்று அக்கணவாயின் வழியே மோட்டார் வண்டிகள் இடையறாது இரைந்து செல்கின்றன. பஸ்ஸின் ஜன்னலோரம் அமர்ந்து அவ்வழி போகுங்காலெல்லாம், குதிரையும் காலும் அன்றி வேறு துணையில்லாத நாளில் இக்கற்களின்மேல் ஒருவர் ஏழாண்டு அலைந்தது எங்ஙனம் என்று யாம் எண்ணியதுண்டு. போர்ப்படைகள் மாறி மாறிக் கடந்த நாடாதலின், அன்று பல வயல்கள் தரிசாய்க் கிடந்தன. குடிகள் மன்னர் பெயரைக் கேட்டாலே மனங்கலங்கினர்.

இங்ஙனம் அவர் திரிந்தது எற்றுக்கு? அதற்கு முன்னர் ஓர் ஊரின் தீர்வையை மொத்தமாக மதித்து, மணியக்காரரிடமோ குத்தகைக்காரரிடமோ ஒப்படைப்பது பெருவழக்கு. இடையில் நிற்பவர் தமக்கு வேண்டியவர்க்குக் குறைத்தும், எளியவர்மேல் ஏற்றியும் தண்டுவர். ரீட் துரையும் அவர் துணைவரும் வயல்களைத் தனித்தனியே அளந்து, இன்னது நன்செய், இன்னது புன்செய், இன்னது தோட்டம் எனத் தரம் பிரித்து, உழுவானொடு நேரே பேசித் தீர்வையை வரையறுத்தனர். முதலில் நீண்ட குத்தகைகளையே கொடுக்கக் கருதினர். ஆனால் மழையை நம்பி வாழும் குடியானவன் பல்லாண்டுக்கு வாக்களிக்க அஞ்சினான். ஆகவே 1796ஆம் ஆண்டு ரீட் ஒரு விளம்பரம் செய்தார். அதன்படி ஆண்டுதோறும் குடியானவன் தன்னால் இயன்ற நிலத்தை வைத்துக்கொண்டு, இயலாததை விட்டுவிடலாம். இவ்வாறு முளைத்ததே ரயத்துவாரி முறை. இஃது ஏட்டிலிருந்து எழுந்ததன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி வரப்புகளின்மேல் நடந்த கால்களிலிருந்து எழுந்தது என்றே யாம் கருதுகின்றோம்.

அந்நாளைய அவர் கடிதங்களே இதற்குச் சான்று. பகலில் ஒரு நாழிகையேனும் தமக்கென்று இல்லை என்று அவற்றில் முறையிடுகின்றார். கூடாரத்தைச் சூழ எப்போதும் கூட்டம். கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒருவன் முப்பதாண்டுகட்கு முன் தன் தந்தை பட்ட கடனைப்பற்றி நெடுங்கதை விரிக்கின்றான். இன்னொருவன், போர்க்காலத்தில் தான் ஊரில் இல்லாத சமயம் உடன்பிறந்தான் தன் பொருளைக் கவர்ந்துவிட்டான் என்கின்றான். மூன்றாமவன் வழக்கமான தீர்வையைத் தன்னால் கட்ட இயலாது என்கின்றான். ஏனெனில் அவனுடைய சிறந்த காளையைக் காட்டிலும் மிகுதியாக உழைத்த அவன் மனைவி இறந்துவிட்டாள். இதைப் படிக்குங்கால் முதலில் நகைப்புத் தோன்றும்; பின்னர் நகைப்பு அடங்கிவிடும். அப்பெண்ணின் பெயர் எவ்வேட்டிலும் இல்லை. ஆயினும் ஒரு குடும்பத்தின் தீர்வை எவர் தோளின்மேல் நின்றது என்பதை அவ்வொரு வரி காட்டுவதுபோல் ஒரு கணக்குப் புத்தகம் காட்டமாட்டாது. கச்சேரியில் வீற்றிருந்தவர் காதில் இது விழுந்திராது. செவி மந்தமான ஒருவர் மரநிழலில் அருகே அழைத்து உட்கார்த்திக் கேட்டதனால் விழுந்தது.

தருமபுரியில் அவர் ஒரு தோட்டம் வைத்திருந்தார். சுற்றுப்பயணம் முடிந்து மீளுந்தோறும் அதில் உலாவுவது அவர்க்கு இன்பம். 1799ஆம் ஆண்டு மறுபடியும் போர் வந்தது, சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, மன்றோ கன்னட நாட்டிற்கு மாற்றப்பட்டார். பாராமஹாலை விட்டுப் பிரிவது தாம் பிறந்த இல்லத்தை விட்டுப் பிரிந்த துயரத்தினும் பெரிதாயிருந்தது என்று அவர் எழுதியது வெறும் உபசார வார்த்தையன்று. கன்னட நாட்டின் ஓயாத மழையையும் சேற்றையும் அவர் சிறிதும் விரும்பவில்லை. பதவி உயர்ந்தும் மனம் நம் குன்றுகளிடையே நின்றது.

அவர் சென்றபின் இங்கு நிகழ்ந்தது வருந்தத்தக்கது. வங்காளத்தில் 1793ஆம் ஆண்டு ஏற்பட்ட நிரந்தரத் தீர்வை முறையைச் சென்னை இராஜதானியிலும் பரப்ப மேலிடத்தார் துணிந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளிலேயே சேலமும் பாராமஹாலும் மிட்டாக்களாகக் கூறுபடுத்தப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டன. வயல் வயலாய் அளந்த உழைப்பெல்லாம் மிட்டாதாரர் கைக்குள் மறைந்தது. அவர்களிற் பலர் கிஸ்தி கட்ட முடியாமல் நிலைகுலைந்தனர். மிட்டாக்கள் பல சர்க்காருக்கே திரும்பின.

மன்றோவோ 1800 முதல் 1807 வரை பல்லாரி, கடப்பை, அனந்தபுரம் முதலிய பகுதிகளை ஆண்டார். அங்கே எண்பது பாளையக்காரர். அவர்கீழ் முப்பதினாயிரம் ஆயுதந் தாங்கிய ஆட்கள். அத்தகைய நாட்டிலும் அவர் காவற்படை இன்றியே ஊர்தோறும் சென்று, முதற் சில ஆண்டுகள் கூடாரத்திலேயே வாழ்ந்தார். சிப்பாய்களைக் கண்டால் குடிகள் அணுகார் என்பது அவர் கருத்து. ஊரைவிட்டுப் புறப்படுகையில் அங்கும் வயல்களை அளப்பித்திருந்தார். தீர்வையில் நூற்றுக்கு 25 விழுக்காடு குறைக்கவேண்டுமென்று மேலிடத்தாருக்கு எழுதினார். அவர்கள் இசையவில்லை. பதின்மூன்றாண்டு கழித்துத் தாமே கவர்னராய் வந்த பின்னரே அதனை நிறைவேற்ற முடிந்தது.

1820 முதல் 1827 வரை அவர் சென்னைக் கவர்னர். இக்காலத்தில் ரயத்துவாரி முறை இராஜதானியின் பெரும்பகுதியில் நிலைபெற்றது. 1822ஆம் ஆண்டு நாட்டுப் பள்ளிக்கூடங்களின் தொகையையும் நிலையையும் கணக்கெடுக்கக் கட்டளையிட்டார். 1824ஆம் ஆண்டுக் குறிப்பொன்றில், இந்நாட்டாரை உயர்பதவிகளினின்றும் விலக்கிவைப்பது அவர்களை இழிநிலைக்கு உள்ளாக்குவதாகும் என்று தெளிவாக எழுதினார்.

இத்துணையும் கூறிய யாம் மற்றொரு பக்கத்தை மறைத்தல் நேர்மையன்று. அவர் திரட்டிய பொருள் கும்பினியின் கருவூலத்திற்குச் சென்றது. அவர் குடிகளை நேசித்தார். ஆயினும் வென்றவர் பக்கத்தில் நின்றே நேசித்தார். ரயத்துவாரி முறையோ, குடியானவன் முகத்தைக் கண்டறிந்த அதிகாரி ஒருவர் ஊர்தோறும் வருவார் என்பதை உட்கொண்டது. பின்வந்த கலெக்டர்கள் பலருக்கு மாவட்டம் பெரிது, பொழுது சிறிது. நாட்டு மொழியோ அரைகுறை. இடையில் கீழ்நிலைச் சிப்பந்திகள் புகுந்தனர். 1854ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட விசாரணைக் குழு, தீர்வை தண்டும்பொருட்டுக் குடிகள் துன்புறுத்தப்பட்ட கொடுமைகளை வெளிப்படுத்தியது. வெயிலில் குனிந்து நிற்கவைத்தலும் விரல்களைக் கிட்டியிட்டு நெரித்தலும் அவற்றுட் சில. மன்றோ எழுதிய விதிகள் எஞ்சின. அவர் நடந்த நடை எஞ்சவில்லை.

அவர் இறுதிப் பயணமும் ஏறத்தாழத் தனிப்பயணமே. இளைய மகனது நோயின் காரணமாக அவர் மனைவியார் 1826ஆம் ஆண்டே அம்மகனுடன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மன்றோ பதவியை விட்டு நீங்க விண்ணப்பித்துவிட்டு, தமக்குப்பின் வருவாரை எதிர்நோக்கிக் கிண்டி மாளிகையில் தனித்திருந்தார். தாய்நாடு செல்லுமுன் தம் பழைய குடிகளை ஒருமுறை காணவேண்டுமென்ற ஆவலால், 1827ஆம் ஆண்டு மே மாத இறுதியிற் புறப்பட்டுக் கடப்பை, கூத்தி வழியாகச் சென்றார். வாந்திபேதி பரவியிருந்த காலம். உடன்சென்றோர் சிலரை அந்நோய் பற்றிற்று. ஜூலை 6ஆம் நாள் பத்திகொண்டா என்னும் ஊர்க் கூடாரத்தில் காலையில் நோய் கண்டது. அன்றிரவே உயிர் நீத்தார். அப்போது வயது அறுபத்தாறு. உடலைக் கூத்தியில் அடக்கினர். 1831ஆம் ஆண்டு எலும்புகள் சென்னைக் கோட்டையிலுள்ள தூய மரியாள் ஆலயத்திற்குக் கொண்டுவரப்பட்டன.

சென்னைத் தீவுத்திடலில் சான்ட்ரி என்னும் சிற்பி சமைத்த அவரது குதிரையுருவத்தை நம்மில் பலர் கண்டிருப்பர். சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரை அது. சிற்பி மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று காண்போர் இன்றும் வழக்கிடுவர். அச்சிலையினும் எமக்குப் பொருத்தமாய்த் தோன்றுவன வேறிரண்டு. கூத்தியில் அவர் நினைவாக வழிப்போக்கர் தங்க ஒரு சத்திரம் எடுக்கப்பட்டது. பத்திகொண்டாவில் அவர் இறந்த இடத்தில் ஒரு கிணறு தோண்டி, சுற்றிலும் நிழல் மரங்கள் வைத்துத் தோப்பாக்கினர்.