குப்பைக்கும் ஒரு கலெக்டர்!

மாவட்டக் கலெக்டர் தெரியும். கார்பேஜ் கலெக்டர் தெரியுமா? கம்ப்யூட்டருக்குள் அவரை நியமித்த ஜான் மெக்கார்த்தியின் கதை இது.

1927 செப்டம்பர் 4-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். பள்ளிப் பருவத்திலேயே கல்லூரிக் கணக்குப் புத்தகங்களைத் தானே படித்ததால், கால்டெக்கில் முதல் இரண்டு வருடக் கணக்குப் பாடத்தையே தாண்டிப் போய்விட்டார். 1951-இல் பிரின்ஸ்டனில் டாக்டர் பட்டம். செயற்கை நுண்ணறிவு என்ற துறைக்கு 1955-இல் பெயர் வைத்தவரும் இவரே.

1958-இல் எம்.ஐ.டி.யில் லிஸ்ப் மொழியைத் தொடங்கினார். மெஷின் ஐ.பி.எம். 704, மெமரி 32 ஆயிரம் வேர்டு சொச்சம்தான். லிஸ்ட் மேல லிஸ்ட் போட்டா சீக்கிரமே நிரம்பிடும். வேண்டாததைப் புரோகிராமரே அழிப்பது அவருக்கு அசிங்கமாகப் பட்டது. ஒவ்வொன்றையும் எத்தனை இடத்திலிருந்து சுட்டுகிறோம் என எண்ணி வைக்கலாமென்றால், 36 பிட்டில் மிச்சம் 6 பிட். அதுவும் சேர்ந்தாற்போல் இல்லை.

மூன்றாவது வழி கண்டார். மெமரி தீரும்வரை சும்மா இரு. தீர்ந்ததும், புரோகிராம் பிடித்திருப்பவற்றிலிருந்து கிளம்பி, எட்டுகிற அனைத்துக்கும் அடையாளம் போடு. அடையாளம் இல்லாதது குப்பை. இதை 1960-இல் கட்டுரையாக வெளியிட்டார்.

ஒருமுறை தொழில் நிறுவனத்தார் முன் டெமோ. நடுவில் மெமரி தீர்ந்து கலெக்டர் கிளம்பிவிட்டார்! நொடிக்கு 10 எழுத்து வேகத்தில் தன் குப்பைக் கணக்கை ஒரு பக்கத்துக்கு டைப் அடித்தார். சபையில் ஒரே சிரிப்பு. நேரம் முடிஞ்சே போச்சு!

1962-இல் ஸ்டான்ஃபோர்டு சென்றார். 1971-இல் டூரிங் விருது. 2011 அக்டோபர் 24-இல் மறைந்தார்.

பைத்தானில் அவர் அன்று ஒதுக்கிய எண்ணும் முறைதான் முதலில் வேலை செய்கிறது. எண்ணிக்கை பூஜ்யமானால் பொருள் போய்விடும். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று சுட்டினால்? எண்ணிக்கை பூஜ்யமே ஆகாது. அங்கே, எது எட்டும், எது எட்டாது என்று பார்க்கும் அவருடைய யோசனைதான் கைகொடுக்கிறது.

லேபில் 'டெல்' போட்டும் மெமரி குறையலையேன்னு திட்டாதீங்க. 'டெல்' அழிப்பது பெயரைத்தான், பொருளை அல்ல. அதே லிஸ்ட்டை வேறொரு குளோபல் வேரியபிள் பிடித்திருந்தால் எந்தக் கலெக்டரும் தொட மாட்டார். பிராஜெக்ட் வைவா அன்று மெஷின் தொங்காமலிருக்க, யார் பிடித்திருக்கிறார்கள் என்று முன்பே தேடுங்கள். குப்பையை அள்ள அவர் இருக்கிறார்; பிடியை விட வேண்டியது நாம்தான்!